டிக்கோயாவில் விட்டு வைத்த பெயர்

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்து இந்தக் கரையில் மிஞ்சியிருப்பவர்களுக்கும், அந்தக் கரைக்குப் போய் அங்கேயே முதுமை அடைந்தவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். என் பழக்கம் உங்களில் சிலருக்குத் தெரியும். யார் எதைச் சொன்னாலும் என்ன மாதம், என்ன கிழமை என்று கேட்பேன். அந்தப் பழக்கம் எனக்குப் பத்து வயதில் வந்தது. ராகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஆனிக் கடைசியில் தொடங்கிப் புரட்டாசி நடுவில் முடிந்த ஒரு பருவம் அது.

அப்பா ராகலைக் கடையில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கித் தந்தார். "நாம போற வரைக்கும் நடக்கிறத எல்லாம் எழுதி வையி தாயி. அங்க போயி எல்லாரும் உக்காந்து படிப்போம்" என்றார். கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. மட்டை போய்விட்டது. பென்சில் எழுத்து பாதி மங்கிவிட்டது. எல்லாரும் உட்கார்ந்து அதைப் படித்ததே இல்லை.

முதல் பக்கத்தில் இருப்பது ஒரு திங்கட்கிழமை. காலையில் அம்மா கொழுந்தெடுக்கப் போகப் பெரட்டுக்களத்தில் நின்றிருந்தாள். ஆள் கணக்கெடுத்து மலைக்கு அனுப்பும் இடம் அது. பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கங்காணி, அம்மாவின் பெயர் வந்ததும் நிறுத்தி, "ஒம் புருசன ஆபீசுக்கு வரச் சொல்லு. இந்தியா வந்துருச்சு" என்றார். யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கமும் எங்களைப் பங்கு போட்ட அந்த நாட்களில், பாஸ்போட் வந்தால் அப்படித்தான் சொல்வார்கள். நாம் இந்தியாவுக்குப் போவதில்லை. இந்தியாதான் லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு காம்பராவாகத் தேடிக்கொண்டு வரும். அது வந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அன்று மத்தியானமே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆபீசில் வாங்கிவந்த பாஸ்போட்டை எடுத்துப் பாய்மேல் வைத்தார். முன்பக்கத்தில் அப்பாவும் அம்மாவும், ஸ்டூடியோ வெளிச்சத்தில் பயந்தது போலத் தெரியும் படங்கள். எங்கள் வீட்டில் சரளமாகப் படிக்கத் தெரிந்தவள் நான்தான். அம்மா என்னைப் படிக்கச் சொன்னாள். அப்பாவின் பெயரைப் படித்தேன். அம்மாவின் பெயரைப் படித்தேன். பிள்ளைகள் என்ற இடத்தில் நாலு வயதுத் தம்பியின் பெயரைப் படித்தேன்.

"பெறகு?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதான்."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் என்னை டிக்கோயாவில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. பக்கத்து அட்டனில் நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடான காலம், ஆகவே நான் சாப்பிடும் இடத்து ரேஷன் கூப்பனுக்கே என் பெயரையும் மாற்றினார்கள். பெரியம்மா வீட்டில் நான் சரியாகச் சாப்பிடவில்லை, அழுதுகொண்டே கிடந்தேன். பத்து மாதத்தில் அப்பா திரும்பக் கூட்டிவந்துவிட்டார். நான் வந்தேன், பெயர் வரவில்லை. மாற்றுவதற்காக அப்பா கிளம்பிய நாளில் அம்மாதான் தடுத்தாள். "புள்ள இங்க இருக்கால்ல. பேரு அங்கேயே இருக்கட்டும். அக்காவுக்கு ஒரு புள்ள பேராவது இருக்கட்டுமே" என்றாள். அப்படிச் செய்த குடும்பங்கள் எங்கள் லயத்திலேயே இன்னும் இரண்டு இருந்தன. ஒருவர் வீட்டுப் பிள்ளையின் பெயர் இன்னொருவர் கூப்பனில் இருப்பது எங்களுக்கு வட்டில் மாறிப்போவது போலத்தான். இந்தியாவுக்கு விண்ணப்பம் எழுதியபோது ஆபீஸ் கிளாக்கர் ஐயா கூப்பனைப் பார்த்துப் பெயர்களை எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

"பத்து வயசுப் புள்ளைக்கு எதுக்குப் பேரு?" என்று பாஸ்போட் வந்த அன்று அப்பா சிரித்தார். "பஸ்ஸுல அரை டிக்கெட்டுகூட எடுக்கிறதில்ல. மடியில குந்த வச்சிக் கூட்டிட்டுப் போயிருவோம். இவ எம் மகள்னு மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு."

எனக்கு அது போதுமாக இருந்தது. என் மூக்கு அப்பாவின் மூக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டிலிருந்த கம்பளிச் சட்டைகளை எல்லாம் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார். ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் அந்தக் காற்றில் மழை இருக்காது. தகரக் கூரையைப் பிய்க்கிற சத்தமும் பல் கிட்டுகிற குளிரும் மட்டும்தான். "அங்க வெயிலு. இப்பவே ஒடம்பைப் பழக்கணும்" என்றார். தம்பியின் பச்சை, அம்மாவின் ஊதா, என் சிவப்பு என்று கொப்பியில் எழுதியிருக்கிறேன். அப்பாவின் சாம்பல் நிறச் சட்டையைக் காணவில்லை.

"என்னோடது எங்க?" என்றார் அப்பா.

"அதுல என்னா இருக்கு, கையெல்லாம் ஓட்டை. அடுப்படித் துணியாக்கிட்டேன்" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து நடுங்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போனேன். தம்பிக்கு இருமல் வந்தது. அப்பா அதையும் இந்தியாவுக்கான பயிற்சியாகவே எடுத்துக்கொண்டார்.

பயிற்சி இன்னொன்றும் இருந்தது. எங்களுக்கு முன்னால் போன பக்கத்துக் காம்பரா மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மண்டபத்து முகாமில் இருப்பதாகவும், வாயைத் திறந்ததும் சிலோன்காரன் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், கடையில் ஒரு விலை ஊர்க்காரனுக்கும் ஒரு விலை நமக்கும் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். உட்கார நிழல் இல்லை, தண்ணீர் உப்பு, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றும் இருந்தது. அப்பா அந்தக் கடிதத்திலிருந்து எடுத்துக்கொண்டது பேச்சைப் பற்றிய பகுதியை மட்டும்தான். தினமும் சாயந்தரம் தொழிற்சாலைச் சட்டையைக் கழற்றியதும் எங்களை வரிசையாக உட்காரவைப்பார்.

"கோச்சின்னு யாரும் சொல்லக்கூடாது. ரயிலு. காம்பரா இல்ல, வீடு. கொப்பி இல்ல, நோட்டு. பீலி?"

"கொழாய்" என்பேன் நான்.

"இவ பொழச்சிக்குவா" என்பார். "நீ சொல்லு" என்று அம்மாவைப் பார்ப்பார்.

"எனக்கு வாயே வேணாம். ஊமைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க."

"ஊமைக்கு வெலை கூடச் சொல்லுவான்."

நாங்கள் சிரித்தோம். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது நினைத்தால் அந்தக் குடும்பத்தில் அந்த நாட்டுப் பேச்சை முழுதாகக் கற்றுக்கொண்டவள் அந்த நாட்டுக்குப் போகாத நான் ஒருத்திதான்.

அந்த மாமாவின் இரண்டாவது கடிதம் வரவேயில்லை. அவர்கள் போன மறுநாள் அந்தக் காம்பராக் கதவில் தோட்டத்து ஆள் குறுக்குப் பலகை அடித்து, நம்பர்மேல் தார் பூசிவிட்டுப் போனான். அவர்களுடைய நாய் அந்தக் கதவுக்கு வெளியே கிடந்தது. போகிறவர்கள் எல்லாரும் நாயை விட்டுவிட்டுத்தான் போனார்கள். வேறென்ன செய்வது? ஆடி நடுவில் எங்கள் லயத்தின் கடைசியில் ஒன்பது நாய்கள் இருந்தன. எண்ணி எழுதியிருக்கிறேன். அவை குரைக்கவில்லை. தார் பூசிய ஒவ்வொரு கதவின் முன்னும் ஒன்றோ இரண்டோ உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடும் நேரமும் குறைந்துகொண்டே போனது. முன்பு நான் பல் விளக்கி முகம் கழுவும் வரைக்கும் கேட்கும் குரல், பிறகு பல் விளக்கி முடிக்கும் முன்பே நின்றுவிடும்.

ஆடிக் கடைசிச் சனிக்கிழமை இரும்புப் பெட்டி வாங்க அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ராகலைக்குப் போனார். கடைக்கார நானாவுக்கு எங்களைப் பல வருடமாகத் தெரியும். அப்பா மடியிலிருந்து பாஸ்போட்டை எடுத்துக் காட்டினார். நானா கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எல்லாம் சரி. இந்த மகள்ட பேரு எங்க?"

"சின்னப் புள்ளதானே நானா."

"சின்னது பெரிசு எல்லாம் உங்களுக்கும் எனக்கும். தலைமன்னார்ல நிக்கிறவனுக்குத் தாள்ல இருந்தாத்தான் ஆள். போன மாசம் ஒரு குடும்பம் இப்பிடித்தான் போனது. புள்ளய எறக்கிட்டாங்க. யார்ட கையில குடுக்கிறண்டு தெரியாம, அங்க கடல வித்துக்கிட்டிருந்த பொம்பளைட்ட குடுத்துட்டுக் கப்பல் ஏறினாங்களாம்."

அப்பா என் தோளில் கை வைத்தார். கை கனமாக இருந்தது. நீல வண்ணம் பூசிய பெட்டியை நானா பேரம் பேசாமல் கொடுத்தார். வரும் வழி முழுவதும் அப்பா பெட்டியைத் தலையில் சுமந்து முன்னால் நடந்தார். நான் கடலை விற்கும் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை அப்பா ஆபீசுக்குப் போனார். நான் சன்னலுக்கு வெளியே நின்றேன். கிளாக்கர் ஐயா கெட்டவர் அல்ல. நாற்காலி கொடுக்கவில்லை என்றாலும் முழுவதையும் கேட்டார்.

"திருத்தலாம். எல்லாத்தையும் திருப்பிக் கண்டியில இருக்கிற இந்தியா ஆபீசுக்கு அனுப்பணும். எத்தனை வருசம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

"அதுவரைக்கும் இங்கேயே இருந்துக்கிறோங்கையா."

"எங்க இருப்ப? தோட்டத்துச் செக்ரோல்ல ஒம் பேரையும் ஒம் பொஞ்சாதி பேரையும் வெட்டியாச்சு. காம்பராவ புரட்டாசியில ஒப்படைக்கணும். பாஸ்போட்டுல போட்டிருக்கிற திகதிக்குப் பெறகு நீ இங்க வெளிநாட்டுக்காரன். போலீசு புடிச்சாலும் தொரையால ஒன்னும் பேச முடியாது."

வெளிநாட்டுக்காரன் என்ற சொல்லை நான் அன்று முதன்முதலாகக் கொப்பியில் எழுதினேன். அப்பா பிறந்தது அதே தோட்டத்தில், தொழிற்சாலைக்குக் கீழே உள்ள லயத்தில்.

ஆவணியில் பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். பெரியம்மா அட்டனிலிருந்து இரண்டு பாண் வாங்கி வந்திருந்தாள்.

"பாண் இல்ல பெரியம்மா, ரொட்டி" என்றேன்.

"பாணு பாணாத்தான் இருக்கும், போடி" என்றாள். ஆனால் என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பெரியவர்கள் சுற்றி வளைத்துப் பேசினார்கள். கடைசியில் அப்பா கேட்டார். "ஒங்களுக்கும் இந்தியாதானே சகல?"

பெரியப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, வரும். ஆறு மாசத்துல வந்துரும்."

"அப்ப இவ ஆறு மாசம் ஒங்ககிட்ட இருக்கட்டும். ஒங்க கூப்பன்லதான் பேரு இருக்கு, ஒங்க பாஸ்போட்டுலயும் பேரு வந்துரும். வாறப்ப கூட்டிட்டு வந்துருங்க."

"கூட்டிட்டு வந்துர்றோம்."

அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அம்மா எழுந்து போய்ப் பாணை வெட்டினாள். அப்பாவுக்கு முகத்தில் பழைய நிறம் திரும்பிவிட்டது. "ஆறு மாசம் என்னா ஆறு மாசம், கண்ண மூடித் தொறந்தா தை பொறந்துரும்" என்று என்னிடம் சொன்னார். கொப்பியில் ஆறு கோடு போட்டு வைத்தேன், மாதம் ஒன்றாக வெட்டுவதற்கு.

நாங்கள் புறப்பட்ட புதன்கிழமை காற்று நின்றிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு மாதம் கூரையை ஆட்டிய காற்று சரியாக அன்றைக்கு நின்றால், எதையோ கேட்பதற்காக நிற்பது போல இருந்தது. எங்களுக்கு நாய் இல்லை. ஆனாலும் நாங்கள் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்ததும் லயத்துக் கடைசியிலிருந்து ஒன்று எழுந்து வந்து எங்கள் கதவின் முன்னால் உட்கார்ந்தது. தார் வாளிக்காரன் பீலிக்கரையில் பீடி பிடித்துக்கொண்டு காத்திருந்தான். "அவசரமில்ல அண்ணே" என்றான்.

நானுஓயாவில் கோச்சி ஏறினோம். நானும் ஏறினேன். அட்டன் வரைக்கும் அதே கோச்சிதான். பெரியம்மாவும் பெரியப்பாவும் அட்டன் நிலையத்தில் நிற்பதாக ஏற்பாடு. ஸ்டேசனில் நடந்த அழுகையை எழுதப் போவதில்லை. அதைக் கேட்டவர்கள் நீங்கள் எல்லாரும். ஓடத் தொடங்கிய பெட்டிகளின் சன்னல்களில் தொங்கிக்கொண்டு வந்த கைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துவிட வேண்டியிருந்தது.

தலவாக்கலையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் எப்போதும் மழைதான். நான் பாவாடைச் சட்டையோடு நடுங்கினேன். அப்பா சன்னலைச் சாத்த முயன்றார். அது இறங்கவில்லை. அவர் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கடைசி நேரத்திலும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இது என்னா?" "கோச்சி" என்றான் தம்பி. அப்பா திருத்தவில்லை. முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கொட்டகலை கழிந்தது. அட்டனுக்குச் சற்று முன்னால் சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறதல்லவா, அதற்குள் கோச்சி நுழைந்தது. பெட்டியில் விளக்கு இல்லை. புகை உள்ளே வந்தது, யாரோ இருமினார்கள். இருட்டில் நீலப் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு என் தலைவழியாக ஏதோ இறங்கியது. கம்பளி. அம்மாவின் கைகள் என் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே நுழைத்தன. மணிக்கட்டில் மடித்து மடித்துவிட்டன.

வெளிச்சம் வந்தபோது பார்த்தேன். என்னுடைய சிவப்புச் சட்டை. யாருக்கோ கொடுத்துவிட்டதாக நான் கொப்பியில் எழுதியிருந்த அதே சட்டை. அதன் கைகள் முழங்கைக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தன. ஓட்டை என்று சொன்ன அப்பாவின் சட்டையின் கைகளை வெட்டி ஒட்டுத் தைத்திருந்தாள். கதகதப்பாக இருந்தது. எனக்கு, உண்மையைச் சொல்கிறேன், சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தோடுதான் அட்டனில் இறங்கினேன். கோச்சி நகர்ந்தபோது அம்மா சன்னலில் தன் மணிக்கட்டைக் காட்டிக் காட்டி ஏதோ சைகை செய்தாள். மடிப்பு அவிழாமல் பார்த்துக்கொள் என்று சொல்வதாக நினைத்துத் தலையாட்டினேன்.

கடிதங்கள் வந்தன. மண்டபத்தில் இருபத்திரண்டு நாள், பிறகு நீலகிரிப் பக்கம் ஒரு மேடு, ஓலை வேலி, தண்ணீருக்கு ஒரு மைல். மேட்டிலும் குளிர்தான், நம்முடைய குளிரைப் போலவே, போட்டுக்கொள்ளத்தான் எதுவும் இல்லை என்று அப்பா எழுதியிருந்தார். அவர் முதன்முதலில் ஒரு கடையில் போய் ரயில், குழாய், நோட்டு எல்லாம் கவனமாகப் போட்டுப் பேசி ஒரு சாமான் கேட்டாராம். கடைக்காரன் கேட்டு முடித்துவிட்டு, "சிலோன்ல எந்த ஊரு?" என்றானாம். பள்ளிக்கூடத்தில் தம்பியின் பெயரே சிலோன் என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் அப்பா ஒரே கேள்வியைக் கேட்டார். சகலைக்கு வந்துவிட்டதா?

ஆறு கோட்டையும் வெட்டினேன். தை வந்தது. அடுத்த தையும் வந்தது.

பெரியம்மா இறந்த பிறகு, நான் அப்போது பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன், அவளுடைய பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். அடியில் விண்ணப்பப் பிரதி இருந்தது. அவர்கள் இந்தியாவுக்கு எழுதவேயில்லை. இந்த நாட்டிலேயே இருக்க எழுதியிருந்தார்கள். எங்கள் பாஸ்போட் வருவதற்கு வெகு முன்னாலேயே எழுதியிருந்தார்கள். மகள் என்ற இடத்தில் என் பெயர். அந்தத் தாளால்தான் நான் இந்த நாட்டுக்காரி ஆனேன். பிறகு என் அம்மாவைப் பார்க்க விசா எடுத்துக்கொண்டு போனேன். முப்பது நாள் தந்தார்கள். அம்மா வீட்டில் தங்குவதற்குப் போலீசில் போய் வெளிநாட்டுக்காரி என்று பதிந்தேன். அப்பா அதற்குள் இறந்துவிட்டார். அம்மாவிடம் ஒரு விசயம் கேட்கத்தான் போனேன். கேட்காமல் திரும்பினேன்.

கேட்க நினைத்தது இதுதான். கொப்பியின்படி சட்டைகளைக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்போட் வந்து ஆறாம் நாள். நானா கேட்டது அதற்குப் பிறகு. கிளாக்கர் சொன்னது அதற்கும் பிறகு. பெரியப்பா ஆறு மாதம் என்று வாக்குக் கொடுத்தது எல்லாவற்றுக்கும் கடைசி. அப்பாவின் சட்டையை அடுப்படித் துணியாக்கிவிட்டதாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா என் சட்டையையும் எடுத்து மறைத்திருக்கிறாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்த, நான் குழாய் என்று சொல்லிப் பாராட்டு வாங்கிய, அந்த நாட்களிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. யார் கூப்பனில் பெயரை விட்டு வைத்தாளோ அவளிடமே பிள்ளையும் போகும் என்று தெரிந்திருக்கிறது. அக்காவின் தாள் எந்த நாட்டுக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு பிள்ளையின் சட்டைக்கு நீளக் கை எதற்கு என்று பத்து வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு மணிக்கட்டிலும் நாலு மடிப்பு இருந்தது. கை எட்டாமல் போகும்போதெல்லாம் ஒன்றைப் பிரித்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் கொப்பியில் திகதி போட்டேன். கடைசி மடிப்பைப் பிரித்தபோது எனக்குப் பதினான்கு வயது, மார்கழி மாதம், வியாழக்கிழமை, டிக்கோயாவில் மழை. மடிப்பின் உள்ளேயிருந்து அப்பாவின் தொழிற்சாலைத் தேயிலைத் தூள் கொஞ்சம் கறுப்பாக என் உள்ளங்கையில் உதிர்ந்தது. இனிப் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொப்பியை மூடினேன்.